சூதின் விலை



சனிக்கிழமை மாலை, ஆறு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கடைப்பக்கம் நடந்து சென்றால் ஒரு நீண்ட வரிசையைக் காணலாம். வேலை உடையோடு வந்தவர், காய்கறிப் பையோடு நிற்கும் தாய், ஓய்வு பெற்ற முதியவர் எனப் பலரும் அதில் நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு தாள். அதில் நான்கு இலக்கங்கள். பக்கத்துக் கடையில் கத்தரிக்காய் வாங்கும்போது, "கிலோ என்ன விலை? நேற்றைவிட ஏன் கூட?" என்று கேட்டவர்களே இவர்கள். ஆனால், 'நாலு நம்பர்' எடுக்கும்போது அதன் விலையை எவரும் கேட்பதில்லை.

"ஏன், சீட்டு ஒரு வெள்ளிதானே?" என்று நீங்கள் சொல்லக்கூடும். ஒரு வெள்ளி என்பது நாம் நீட்டும் பணம். அதில் ஒரு பகுதி பரிசாகத் திரும்பி வருகிறது. இன்று நமக்கு, நாளை மற்றொருவருக்கு. திரும்பி வராத பகுதி எதுவோ அதுவே சூதின் விலை. அந்த விலை எவ்வளவு, அதை நிர்ணயிப்பவர் யார், அதைக் கொடுத்து நாம் எதை வாங்குகிறோம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். சமய நெறியாலும் மனக்கட்டுப்பாட்டாலும் சூதை முற்றிலும் விலக்கியவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. பொழுதுபோக்காக ஆடுகிறோம் என்று சொல்பவர்களுக்கே இது தேவை.

திருவள்ளுவர் 'சூது' என்னும் அதிகாரத்தைத் திருக்குறளின் 94-ஆவது அதிகாரமாக வைத்தார். அதை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். சூது பாவமா அன்றா என்பதோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை. அது பொருளைப் பற்றியது; வரவு செலவைப் பற்றியது. ஆகவே வரவு செலவாகவே அதைப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் இந்த வரவு செலவு மிகப் பழையது. ஆங்கிலேயர் 1819-இல் இங்கே வந்திறங்கினர். அடுத்த ஆண்டே, தீவை ஆண்டுவந்த வில்லியம் பார்க்குவார், நிர்வாகச் செலவுக்குப் பணமின்றி அபினி, சாராயம், சூது ஆகிய மூன்றையும் குத்தகைக்கு விட்டார். துறைமுகத்தில் சுங்கவரி கிடையாது. ஆனால், காவலுக்கும் சாலைக்கும் பணம் வேண்டும். குத்தகையை எடுத்தவர் அரசாங்கத்துக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, சூதாட்ட விடுதிகளை நடத்தும் உரிமையைப் பெற்றார். கட்டிய தொகைக்கு மேல் தமக்கும் இலாபம் வேண்டுமல்லவா? அது முழுவதும் ஆட வந்த கூலியாளின் மடியிலிருந்தே வந்தது.

சர் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் இதை வெறுத்தார். 1822-இல் திரும்பி வந்த அவர், 1823-இல் சூதாட்ட விடுதிகளையும் சேவற்சண்டைக் களங்களையும் ஒரு சட்டத்தின் மூலம் தடை செய்தார். அவர் கப்பலேறிச் சென்றதும், அடுத்துப் பொறுப்பேற்ற ஜான் கிராபர்டு சூதுக் குத்தகையை மீண்டும் திறந்தார். வருவாய் பெருகியது, குத்தகைகளுள் இதுவே அரசாங்கத்துக்கு அதிகப் பணம் தந்தது. 1827-இல் நகரின் பெரு ஜூரி சபை, இது ஒழுக்கக்கேடு என்று கண்டித்தது. 1829-இல் குத்தகை நிரந்தரமாக ஒழிந்தது.

இந்தப் பத்தாண்டுக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. பார்க்குவாரும் ராபிள்ஸும் கிராபர்டும் தங்களுக்குள் வாதாடினார்கள். ஆனால், ஆடியவனிடம் "இதன் விலை இது" என்று எவரும் எடுத்துச் சொல்லவில்லை. விலை அவனுக்குத் தெரியாமலே வசூலாயிற்று.

தடை வந்ததும் சூது மறையவில்லை, மறைவிடம் தேடிக்கொண்டது. அந்தப் பழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்றால், நீரிணைக் குடியேற்றங்களில் பொதுச் சூதாட்டத்தையும் குலுக்கல்களையும் ஆராய்வதற்கென்றே 1886-இல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. அதன் பின்னரும் கள்ளக் குலுக்கல்கள் ஓயவில்லை. அவற்றுள் நம் பெரியவர்கள் பலரும் கேள்விப்பட்டது 'சாப் ஜி கி'. ஹொக்கியன் மொழியில் 'சாப் ஜி' என்றால் பன்னிரண்டு. ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஓர் எண்ணின்மேல் பணம் கட்ட வேண்டும்; விழுந்தால் பத்து மடங்கு கிடைக்கும். பணம் வாங்கும் ஆள் வீடு தேடி வருவார். சில காசுகள் இருந்தாலும் போதும். சமையற்கட்டை விட்டு வெளியே வராத இல்லத்தரசியும் ஆடலாம். 1950-களிலும் 60-களிலும் இது பரவலாக இருந்தது.

கணக்கைப் பாருங்கள். பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஒரு வெள்ளி வீதம், பன்னிரண்டு எண்களிலும் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வந்த பணம் 12 வெள்ளி; கொடுப்பது 10 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு 83 காசு திரும்புகிறது. விலை 17 காசு. கேட்பதற்கு மலிவுதான். ஆனால் எண்ணைத் திறப்பவர்கள் யார்? கும்பலை நடத்துபவர்களே. எந்த எண்ணில் குறைவாகப் பணம் விழுந்திருக்கிறது என்று பார்த்து, அதையே அவர்கள் திறப்பார்கள். அப்படியானால் 83 காசு என்பது தாளில் மட்டுமே உள்ள கணக்கு. உண்மை விலையை நடத்துபவரே நாளுக்கு நாள் வைத்தார். சூதில் ஏமாற்று என்பது பெரும்பாலும் ஆட்டத்தின் விதியில் இருப்பதில்லை. விலையை மறைப்பதில் இருக்கிறது.

சூதின் விலையைக் கணக்கிடும் அறிவு உலகுக்கு வந்தது சூதாடிகளாலேயே. 1654-இல் பிரெஞ்சு நாட்டுப் பிரபு ஒருவர், பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று கணித மேதை பாஸ்கலிடம் கேட்டார். பாஸ்கல் இதைப் பற்றி மற்றொரு மேதையான பெர்மாவுக்கு எழுதினார். அந்தக் கடிதங்களில்தான் இன்று காப்புறுதிக்கும் அறிவியல் ஆய்வுக்கும் அடிப்படையாக உள்ள நிகழ்தகவுக் கணிதம் உருப்பெற்றது. அதன் விதி எளியது: கிடைக்கக்கூடிய பரிசை, அது கிடைக்கும் வாய்ப்பால் பெருக்கிப் பார். வருவது கட்டிய பணத்தைவிடக் குறைவானால், அந்தக் குறைவே விலை.

இந்த விதியை ஆட்டம் ஆட்டமாகப் பொருத்திப் பார்ப்போம். முதலில் குதிரைப் பந்தயம். சிங்கப்பூரில் இதற்கெனச் சங்கம் தோன்றியது 1842-இல்; முதற்பந்தயம் நடந்தது 1843-இல், இன்றைய பேரர் பார்க் பகுதியில். திடல் 1933-இல் புக்கிட் தீமாவுக்கும், 1999-இல் கிராஞ்சிக்கும் மாறியது. 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. இங்கே 'டோட்டலைசேட்டர்' முறை இருந்தது. 1867-இல் பாரிஸில் ஓலேர் என்பவர் அமைத்த முறையின் வழி வந்தது இது. எல்லாருடைய பணமும் ஒரே குவியலாகச் சேரும். நடத்துபவர் தம் பங்கையும் அரசின் வரியையும் முதலில் எடுத்துக்கொள்வார். மீதி வென்றவர்களுக்குப் பங்கிடப்படும். எந்தக் குதிரை வந்தாலும் நடத்துபவருக்குக் கவலையில்லை. விலை முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அதற்கு ஈடாகக் கண்ணுக்கு ஒரு காட்சி கிடைத்தது: ஓடும் குதிரைகள், புல்வெளி, நண்பர்களின் ஆரவாரம். பந்தயம் பார்க்கப் போனவர் அளவோடு கட்டி, ஒரு பிற்பகலை மகிழ்ச்சியாகக் கழித்தார் என்றால், அவர் கொடுத்த விலைக்குப் பொருள் வாங்கினார் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்து 'நாலு நம்பர்'. சிங்கப்பூரில் 1966-இல் குதிரைப் பந்தயச் சங்கம் இதைத் தொடங்கியது. கள்ளச் சூதை ஒழிக்கச் சட்டபூர்வமான வழி வேண்டும் என்று கருதிய அரசாங்கம், 1968-இல் சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனத்தை அமைத்தது. அவ்வாண்டே 'டோட்டோ' வந்தது. 1969-இல் 'சிங்கப்பூர் ஸ்வீப்' வந்தது. 1973-இல் திறக்கப்பட்ட பழைய தேசிய விளையாட்டரங்கத்தைக் கட்ட இப்பணம் உதவியது. அக்காலத்தில் மலேசியாவிலும் மேக்னம் நிறுவனமும் ஸ்போர்ட்ஸ் டோட்டோவும் தோன்றின. 1971-இல் லிம் கோ தோங் அமைத்த கெந்திங் மலை விடுதி திறக்கப்பட்டது.

அரசு அனுமதி பெற்ற ஆட்டத்தில் ஒரு நன்மை உண்டு: பரிசுப் பட்டியல் வெளிப்படையானது. எனவே நாமே விலையைக் கண்டுபிடிக்கலாம். சிங்கப்பூரின் நாலு நம்பரில் 'பெரியது' என்னும் வகையை எடுத்துக்கொள்வோம். ஒரு வெள்ளிக்கு முதற்பரிசு 2,000 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 490. அடுத்து 250 வெள்ளிப் பரிசுகள் பத்து. ஆறுதல் பரிசாக 60 வெள்ளி வீதம் பத்து. மொத்தம் 6,590 வெள்ளி. சீட்டு எண்களோ 0000 முதல் 9999 வரை பத்தாயிரம். ஆகவே ஒரு வெள்ளிக்குச் சராசரியாகத் திரும்புவது 65 காசு 9. விலை 34 காசு. 'சிறியது' என்னும் வகையில் பரிசுகள் மூன்றே: 3,000, 2,000, 800. மொத்தம் 5,800, விலை 42 காசு. முதற்பரிசு பெரிதாகத் தெரிகிற சீட்டே விலை கூடிய சீட்டு என்பதை இங்கே நினைவில் கொள்வோம்.

வாரம் மூன்று குலுக்கலிலும் ஒரு வெள்ளி கட்டுகிறவர், ஆண்டுக்கு 156 வெள்ளி கட்டுகிறார். அதில் விலை ஏறக்குறைய 53 வெள்ளி. ஓராண்டின் பொழுதுபோக்குக்கு இது பெரிய தொகையன்று. ஒவ்வொரு குலுக்கலுக்கும் இருபது வெள்ளி கட்டினால், விலை 1,060 வெள்ளியைத் தாண்டிவிடும். அது பிள்ளையின் பள்ளிச் செலவு. அல்லது ஊருக்குப் போய்வரும் விமானச் சீட்டு. ஆட்டம் ஒன்றே, குலுக்கலுக்காகக் காத்திருக்கும் சுகமும் ஒன்றே. இருபது மடங்கு கட்டியவருக்கு இருபது மடங்கு மகிழ்ச்சி கிடைப்பதில்லை.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். வாரம் மூன்று முறை ஓர் எண்ணை எடுப்பவருக்கு முதற்பரிசு வரச் சராசரியாக எவ்வளவு காலம் ஆகும்? பத்தாயிரம் குலுக்கல், அதாவது 64 ஆண்டுகள். 64 ஆண்டுகள் விடாமல் எடுத்தாலும் நூற்றுக்கு 37 பேர் ஒருமுறைகூட முதற்பரிசைக் காணாமலே போவார்கள். டோட்டோவிலோ 49 எண்களில் ஆறையும் சரியாகச் சொல்ல வேண்டும். அதற்கான வாய்ப்பு, 1 கோடியே 39 இலட்சத்து 83 ஆயிரத்து 816-இல் ஒன்று.

"போனாலும் பொதுநலத்துக்குத்தானே போகிறது" என்று சிலர் ஆறுதல் கொள்வர். வரியாகவும் சமூகப் பணிக்கு நிதியாகவும் ஒரு பகுதி போவது உண்மையே. ஆனால், கொடை நம் நோக்கமானால் நேரே கொடுத்துவிடலாம். கொடுக்கிற வெள்ளி முழுதாகப் போய்ச் சேரும்.

கடைசியாகச் சூதாட்டக்கூடம். சிங்கப்பூரில் 2005-இல் முடிவு எடுக்கப்பட்டு, 2010-இல் இரண்டு கூடங்கள் திறக்கப்பட்டன. அங்கே சுழலும் 'ரூலெட்' சக்கரம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பழைய சக்கரத்தில் பூச்சியம் இரண்டு இருந்தன. 1843-இல் ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரில் பிளாங் சகோதரர்கள், போட்டியாளரிடமிருந்து ஆட்களை இழுக்க ஒரு பூச்சியத்தை நீக்கினார்கள். போட்டி வந்தபோது சூதின் விலையும் இறங்கிற்று. ஒற்றைப் பூச்சியச் சக்கரத்தில் 37 குழிகள். விழுந்தால் கட்டிய வெள்ளியோடு 35 வெள்ளி கிடைக்கும். 100 வெள்ளிக்கு விலை 2 வெள்ளி 70 காசு. இரட்டைப் பூச்சியமானால் 5 வெள்ளி 26 காசு.

நாலு நம்பரின் 34 காசோடு ஒப்பிட்டால் இது மிக மலிவு என்று தோன்றும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். குலுக்கல் வாரத்தில் மூன்று முறை. சக்கரமோ ஒரு மணி நேரத்தில் முப்பது முறை சுழலலாம். சுற்றுக்குப் பத்து வெள்ளி என்றால், மணிக்கு 300 வெள்ளி கைமாறுகிறது. விலை 8 வெள்ளி. இரட்டைப் பூச்சியமானால் ஏறக்குறைய 16 வெள்ளி. டாக்சி மீட்டர் போல அது ஓடிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே செல்லவே, 2019 முதல் நாளுக்கு 150 வெள்ளி கட்டணமும் கட்ட வேண்டும். சூதை ஒப்பிடும்போது ஒரு சுற்றின் விலையைப் பார்ப்பது போதாது. ஒரு மாலைப்பொழுதின் விலையைப் பார்க்க வேண்டும்.

விலையை அறிந்தவரும் விழும் குழி ஒன்று உண்டு. 1913 ஆகஸ்டு 18-ஆம் நாள் மான்டி கார்லோ சூதாட்டக்கூடத்தில் கறுப்பு நிறம் தொடர்ந்து 26 முறை விழுந்தது. பத்துப் பதினைந்து முறை ஆனதும், "இனிச் சிவப்பு வந்தே தீரும்" என்று கூட்டம் சிவப்பில் பணத்தைக் கொட்டி இழந்தது. சக்கரத்துக்கு நினைவு கிடையாது. முன்பு கறுப்பு எத்தனை முறை வந்தது என்பது அதற்குத் தெரியாது. நம் ஊரில், "இந்த எண் ரொம்ப நாளாக வரவில்லை, இந்த வாரம் வரும்" என்பதும், விபத்தில் சிக்கிய காரின் எண்ணைக் குறித்துக்கொள்வதும் இதே மயக்கந்தான். எண்ணைத் தேடுவதில் ஒரு சுவை இருக்கலாம். சுவைக்காகத் தேடுங்கள், அது வாய்ப்பைக் கூட்டும் என்று நம்பி மட்டும் தொகையைக் கூட்டாதீர்கள்.

விலையே இல்லாத சூதும் ஒன்று உண்டு. பண்டிகை நாளில் உறவினர் கூடி, காசு வைத்துச் சீட்டாடும் ஆட்டம் அது. அண்ணன் இழந்தது தம்பியிடம் போகிறது. நடுவில் பங்கெடுப்பவர் எவருமில்லை. சிங்கப்பூரில் 2022-இல் வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், எவரும் அதைத் தொழிலாக நடத்தி இலாபம் பார்க்காத வரையில், குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் ஆடுவதை அனுமதித்தது. இருநூறு ஆண்டுக் கதையைப் புரட்டிப் பார்த்தால், ஆடுபவருக்குக் கட்டுபடியான ஆட்டம் இதுதான் என்று தெரிகிறது. ஆனால் காசு சில்லறையாக இருக்கும் வரையில்தான் அது விளையாட்டு.

எங்கள் உறவில் ஒரு பெரியவர் இருந்தார். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் ஒரே ஒரு சீட்டு எடுப்பார். மறுநாள் பத்திரிகையைப் பிரித்து எண்ணைப் பார்ப்பது அவருக்கு ஒரு விழா. அவர் காலமான பின் அவருடைய கணக்கு நோட்டை நாங்கள் பார்த்தோம். பத்திரிகை, காப்பி, வெற்றிலை என்ற வரிசையிலேயே சீட்டுப் பணத்தையும் அவர் எழுதியிருந்தார். சேமிப்புப் பக்கத்தில் அது ஒரு நாளும் ஏறவில்லை. ஒருமுறை 250 வெள்ளி விழுந்திருக்கிறது. அன்று பேரப்பிள்ளைகளுக்குத் துணி எடுத்ததாகக் குறிப்பு இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் அதே ஒரு வெள்ளிதான். ஐந்தாகவில்லை, பத்தாகவில்லை.

சூதில் கொடுத்த காசுக்குப் பயன் பெறுவது எப்படி என்பதற்கு, அந்த நோட்டைவிடத் தெளிவான பாடம் நமக்குத் தெரியவில்லை. அதைச் செலவாக எழுத வேண்டும். வருமான வழியாக எண்ணக்கூடாது. தொகையை ஆடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஆடும்போது முடிவு செய்யக்கூடாது. கையில் உள்ள ரொக்கத்தோடு நிற்க வேண்டும். ஒரு காசும் கடன் வாங்கக்கூடாது. வென்றால் அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தோற்றால் அன்றைய சினிமா முடிந்தது என்று எழுந்து வர வேண்டும்.

விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்த நொடியிலேயே பொழுதுபோக்கு முடிந்துவிட்டது. அதன் பின் ஆடுவது இன்பத்துக்கு அன்று, வலியைத் தீர்க்க. அந்த ஆட்டத்துக்கு எந்த விலையும் மலிவன்று. சம்பளப் பணம் வீடு வந்து சேராத குடும்பங்களையும், வட்டிக்காரனுக்கு அஞ்சிக் கதவைத் திறக்காத வீடுகளையும் நாம் கண்டிருக்கிறோம். அந்த நிலைக்கு வந்தவர் வெட்கப்பட்டு ஒளிய வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 2005-இல் அமைந்த பிரச்சினைச் சூதாட்டத்துக்கான தேசிய மன்றம் ஆலோசனை தருகிறது. சூதாட்டக்கூடங்களுக்குள் தம்மை விடாதபடி ஒருவர் தாமே தடை பெற்றுக்கொள்ளவும் வழி செய்கிறது. குடும்பத்தாரும் அங்கே சென்று விண்ணப்பிக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை அந்த வரிசையில் நிற்பவர்கள், கத்தரிக்காய்க்குக் கேட்ட கேள்வியை அங்கேயும் ஒருமுறை தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளட்டும்: என்ன விலை? அந்த விலைக்கு இது எனக்குத் தேவையா? "ஆம்" என்று மனம் அமைதியாகச் சொன்னால், ஒரு வெள்ளிக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சொல்லத் தயங்கினால், கையில் உள்ள வெள்ளியோடு வரிசையை விட்டு விலகலாம். அன்று நாம் செய்வதில் அதுவே இலாபமாக இருக்கும்.